பல்லின் குருத்தணுவும் பழுதுற்ற நரம்பும்

(பேரிகையில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் நின்று தக்காளிக்கு விலை பேசும் மாநில எல்லையூராகிய இந்தப் பேரிகையில், சாஸ்திர விஷயம் ஒன்றை எல்லோருக்கும் விளங்கும் தமிழில் சொல்ல வேண்டும் என்பது இவ்வறக்கட்டளையின் நிபந்தனை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, அரசியல் வாழ்வின் அலைச்சல்களுக்கு இடையிலும் ‘திண்ணை ரசாயனம்’ என்னும் நூலை எழுதியவராதலால், அந்த நிபந்தனை இந்த மண்ணுக்குப் புதியதன்று. பல் மருத்துவத்தில் பல ஆண்டுகள் கழித்தவன் என்னும் முறையில், பல்லுக்குள் இருக்கும் குருத்தணுக்களை, அதாவது தாமும் பெருகி வேறு வகை அணுக்களாகவும் மாறவல்ல மூல அணுக்களைக் கொண்டு, பழுதுற்ற நரம்பைச் சீராக்க முடியுமா என்ற கேள்வியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பல்லையும் நரம்பையும் சேர்த்துப் பேசுவது வெளியூர்க்காரருக்கு விநோதமாகத் தோன்றலாம். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டத்தாருக்கு அப்படித் தோன்றக் காரணமில்லை. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீரில், பாறையிலிருந்து கரைந்த ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருந்து வந்திருக்கிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது நம் நாட்டின் குடிநீர் விதி. எட்டு வயதுக்குள், ஈறுக்கடியில் நிரந்தரப் பற்கள் உருவாகிக் கொண்டிருக்கும் பருவத்தில், அந்த நீரைக் குடித்து வளர்ந்த குழந்தைக்கு முன்பற்களில் சுண்ணாம்பு பூசினாற்போன்ற வெண்திட்டுகளும், பிறகு பழுப்புக் கோடுகளும் தோன்றி ஆயுள் முழுவதும் நிலைத்து விடுகின்றன; அந்தக் கறைக்காகவே புகைப்படத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கும் பெண்களை நாம் எல்லோரும் அறிவோம். அதே நீரை மேலும் பல ஆண்டுகள் குடித்தவர்களிடம் விஷயம் பல்லோடு நிற்பதில்லை. முதுகெலும்பை இணைக்கும் தசைநார்களில் சுண்ணச்சத்து படிந்து, தண்டுவடம் செல்லும் குழாய் குறுகி, உள்ளே இருக்கும் நரம்புத் திரள் நெரிபட்டுக் கால்கள் விறைத்துப் போகும் நிலையும் உண்டு. அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவின் கிராமங்களில் இந்நோயைக் கண்டு ஆராய்ந்து, 1937-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட், சி. ஜி. பண்டிட், டி. என். எஸ். ராகவாச்சாரி ஆகிய மூவர். எழுபதாண்டுகளுக்கு மேல் கழிந்து, 2013-இல், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே காவிரி நீர் நம் இரு மாவட்டங்களுக்கும் வந்தது. பல்லும் நரம்பும் ஒரே குடத்து நீரால் கெடுவதைக் கண்ட மக்களாகிய நாம், பல்லால் நரம்பு பிழைக்கக்கூடும் என்ற செய்தியை மற்றவர்களை விட ஆவலோடு கேட்பது இயல்பு.

ஃபுளோரைடு மட்டுமா நரம்பைக் கெடுக்கிறது? பசுமைக்குடிலில் ரோஜாத் தண்டு நறுக்கும் கத்தி மணிக்கட்டில் பாய்வதும், தகடு வெட்டும் இயந்திரத்தில் கை சிக்குவதும், கிரானைட் குவாரியில் பாளம் சரிந்து இடுப்பை நசுக்குவதும், கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டவனின் தோளும் கழுத்தும் எதிரெதிராக இழுபட்டு நரம்பு வேரோடு பிய்வதும் தொழிலும் சாலையும் பெருகிய இந்த எல்லைப் பிரதேசத்தில் அபூர்வ நிகழ்ச்சிகள் அல்ல. மணிக்கட்டின் நடு நரம்பு அறுந்தவனைச் சட்டைப் பொத்தான் போடச் சொல்லிப் பாருங்கள். கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு வளையாது. பொத்தான் விரல் நுனியில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பதும் தெரியாது. அவன் குனிந்து கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் அதைத் துளைக்குள் தள்ள வேண்டும். சூடான தேநீர் டம்ளரைப் பிடித்துத் தோல் கொப்பளித்த பிறகும் மற்றவர் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

நரம்பு என்று நாம் சொல்வது பல்லாயிரம் நுண்ணிழைகளின் கற்றை. ஒவ்வோர் இழையும் தண்டுவடத்திலோ அதை ஒட்டியோ இருக்கும் ஓர் உயிரணுவின் நீட்சி. இழை அறுந்தால், தாயணுவிலிருந்து பிரிந்துபோன கீழ்ப்பகுதி சில நாட்களில் சிதைந்து விடுகிறது. தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்து 1850-இல் இதை விளக்கியவர் அகஸ்டஸ் வாலர் என்னும் ஆங்கிலேயர். ஆனால் இழைகளைச் சுற்றிப் படர்ந்திருக்கும் ஷ்வான் அணுக்கள் சாவதில்லை. அவை சிதைவுகளை அகற்றி, வரிசையாக நின்று பாதை வகுத்து, வளர்ச்சியைத் தூண்டும் சத்துக்களைச் சுரந்து, மேலிருந்து புதிதாகத் துளிர்த்து வரும் இழையைக் கீழ்நோக்கி நடத்திச் செல்கின்றன. துளிர்க்கும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டில் அறுந்தது விரல் நுனியை எட்ட அரை வருஷம் போதும். கழுத்தடியில் பிய்ந்தது உள்ளங்கையை எட்ட இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள், ஆணையிட நரம்பில்லாத தசை ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் மெலிந்து நார்க்கட்டியாகிவிடும் என்பதே கைக்கு அறுவை செய்யும் சத்திரசிகிச்சை நிபுணர்களின் நீங்காத கவலை. இடைவெளி பெரிதாக இருந்தால் கெண்டைக்காலின் உணர்ச்சி நரம்பு ஒன்றை வெட்டியெடுத்து இடையில் வைத்துத் தைக்கிறார்கள். கை பிழைக்கப் பாதத்தின் ஓரம் மரத்துப் போவதை நோயாளி விலையாகக் கொடுக்கிறான்.

தண்டுவடத்தின் கதை இதனினும் கடினமானது. அங்கே ஷ்வான் அணுக்கள் இல்லை. காயத்தைச் சுற்றித் தோன்றும் வடுவும், இழைகளைப் போர்த்தியிருக்கும் கொழுப்புறையின் சில பொருள்களும், புதிய துளிர்களை முன்னேற விடாமல் தடுக்கின்றன. ஆகையால், இறந்த அணுவுக்கு ஈடு தருவதோடு, காயம் பட்ட இடத்தின் சுபாவத்தையே மாற்றுவதும் மருந்தின் வேலையாகிறது.

இங்கேதான் பல் வந்து சேர்கிறது. தாயின் வயிற்றில் கரு நான்காம் வாரத்தை அடையும்போது, அதன் முதுகுப் புறத்தில் ஒரு பள்ளம் தோன்றி, இரு கரைகளும் மடிந்து கூடி, மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் உருவாகிறது. அந்தக் கரைகளின் உச்சியிலிருந்து ஒரு கூட்டம் அணுக்கள் பிரிந்து உடலெங்கும் யாத்திரை புறப்படுகின்றன; 1868-இல் கோழிக் கருவில் இவற்றை முதன்முதல் கண்டு எழுதியவர் வில்ஹெல்ம் ஹிஸ். நரம்பு முகட்டணுக்கள் எனப்படும் இவற்றில் சில உணர்ச்சி நரம்புகளின் முடிச்சுகளாகின்றன. சில ஷ்வான் அணுக்களாகின்றன. சில தோலுக்கு நிறம் தருகின்றன. முகத்தை நோக்கிச் சென்ற சில, பல்லின் உட்பகுதியாகிய டென்டினையும் அதனுள் இருக்கும் கூழையும் படைக்கின்றன. வெளியே மின்னும் எனாமல் வேறு குலம். உள்ளே உயிரோடு இருக்கும் பற்கூழோ நரம்போடு உடன்பிறந்தது. சுவீடனின் கரோலின்ஸ்கா கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் சுண்டெலிப் பல்லை ஆராய்ந்து, கூழின் குருத்தணுக்களில் ஒரு பகுதி, பல்லுக்குள் நுழைந்த நரம்பின் ஷ்வான் குலத்து அணுக்களிலிருந்தே பிறக்கிறது என்று காட்டியபோது இந்த உறவு இன்னும் நெருங்கியது. பல் மருத்துவன் ஒருவனுக்கு இதைவிட மனம் நிறைக்கும் செய்தி வேறு இல்லை. வலிக்கும்போது மட்டுமே நினைக்கப்படுகிற ஓர் உறுப்பின் குலப்பெருமை இது.

பற்கூழில் குருத்தணு உண்டு என்று நிலைநாட்டப்பட்டது 2000-ஆம் ஆண்டில். அமெரிக்க அரசின் தேசியப் பல் ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்டான் கிரான்தாஸ், சோங்டாவ் ஷி முதலானோர், பிடுங்கப்பட்ட ஞானப்பற்களிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்தார்கள். பின்னர் ஷி, தம் ஆறு வயது மகளின் பால்பல் விழுந்தபோது அதன் உட்குழியில் சிவந்த திசு எஞ்சியிருப்பதைக் கவனித்து, அதைத் தம் ஆராய்ச்சிச்சாலைக்குக் கொண்டு சென்றார். விழுந்த முன்பல் ஒன்றில், பெருகும் ஆற்றல் கொண்ட அணுக்கள் பன்னிரண்டு முதல் இருபது வரைதான் இருந்தன. ஆனால் அவை பெருகிய வேகம் ஞானப்பல்லின் அணுக்களையும் மிஞ்சியது. மியுராவும் ஷியும் 2003-இல் இதை வெளியிட்டார்கள். பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரை மேல் எறியும் நம் வீட்டுக் குழந்தைகள் இத்தனை காலமும் எதை எறிந்து வந்தார்கள் என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

அந்த அணுக்களைப் பிரிக்கும் வேலை பார்ப்பதற்கு எளியது. செய்வதற்குப் பொறுமை வேண்டும். பிடுங்கிய பல்லை உலர விடாமல் குளிர்ந்த திரவத்தில் இட்டு ஆராய்ச்சிச்சாலைக்குக் கொண்டுவந்து, கிருமி நீக்கி, நீர் சொட்டச் சொட்டச் சுழல்முனையால் கழுத்தைச் சுற்றிக் கீறி, இரண்டாகப் பிளக்கிறார்கள். உள்ளே, நூலை விடச் சற்றுத் தடிமனாக, இளஞ்சிவப்பாகத் துவளும் ஒரு கூழ். அதை இடுக்கியால் மெல்ல இழுத்தெடுத்துப் பொடியாக நறுக்கி, புரதத்தைக் கரைக்கும் நொதிகளில் ஊறவைத்து, பிரிந்த அணுக்களை 37 டிகிரி வெப்பமுள்ள பெட்டியில், ஊட்டத் திரவம் நிறைந்த தட்டில் வளர்க்கிறார்கள். சில நாட்களில் தட்டின் அடியில் அணுக்கள் ஒட்டிக்கொண்டு, நீண்டு, சிறு சிறு கூட்டங்களாகப் பெருகுகின்றன. இரவில் விழுந்து தலையணையடியில் காய்ந்து கிடந்த பல் இதற்கு உதவாது.

இனி, இவை நரம்புக்கு என்ன செய்தன? ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் சகாய், யாமமோட்டோ, உவேதா ஆகியோரின் குழு, தண்டுவடம் முழுதும் குறுக்கே வெட்டப்பட்ட எலிகளில் மனிதப் பற்கூழின் அணுக்களை வைத்து, 2012-ஆம் ஆண்டு மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் பலனை வெளியிட்டது. எலும்பு மஜ்ஜையின் அணுக்கள் பெற்ற எலிகளை விட, பல்லணு பெற்ற எலிகளின் பின்னங்கால்கள் தெளிவாக அசைந்தன. ஏன் என்று அவர்கள் பிரித்துப் பார்த்ததுதான் இந்த ஆராய்ச்சியின் மேன்மை. வெட்டுண்ட இடத்தில் சாகவிருந்த அணுக்களைப் பல்லணுக்கள் சாகாமல் காத்தன. இழை வளர்வதைத் தடுக்கும் பொருள்களின் வலிமையைத் தம் சுரப்பால் அடக்கின. எஞ்சியவை, இழைக்கு உறை போர்த்தும் அணுக்களாக மாறின. அவை புதிய நரம்பாகிக் கால்களை ஆட்டவில்லை. அதே நகோயா குழுவினர் 2015-இல் இன்னும் ஒரு படி சென்று, பல்லணுக்கள் வளர்ந்த திரவத்தில் உள்ள சுரப்புகளில் இரண்டை மட்டும் எலிக்குக் கொடுத்தும் காயம் தேறுவதைக் காட்டினார்கள். வெளி நரம்புகளிலும் இதே சாட்சியம்: டோக்கியோவில் சசாகியும் அவர் தோழர்களும், எலியின் அறுந்த முக நரம்பின் இரு முனைகளையும் ஒரு சிறு குழாயில் செருகி, இடையில் பற்கூழ் அணுக்களை வைத்து இழைகளைக் கடக்கச் செய்தார்கள்.

ஆக, பல்லின் குருத்தணு நரம்பைப் பெற்றெடுக்கும் தாயன்று. பிறர் பெற்ற பிள்ளையைப் பாலூட்டிச் சீராட்டிக் காக்கும் செவிலித்தாய். இதைத் தெளிவாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவதெல்லாம் இதன்மேல் நிற்கிறது.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையை இவ்வூரில் அறியாதவர் இருக்க முடியாது. தலையிலோ முதுகிலோ அடிபட்டால் ஆம்புலன்ஸ் திரும்புகிற திசை அதுவே. அங்கே உயிர் இயற்பியல் துறையில் இந்திராணி தத்தாவும், மணிப்பால் குழுமத்தின் பெங்களூர் ஆராய்ச்சிக் கழகத்தில் ரமேஷ் போண்டே முதலானோரும் சேர்ந்து, பற்கூழ் அணுக்களை டோபமின் சுரக்கும் நரம்பணுக்களின் வழியில் திருப்ப முயன்று 2014-இல் எழுதினார்கள். பார்க்கின்சன் நோயில் அழிவன அந்த நரம்பணுக்களே. கரு வளரும்போது நடுமூளைக்குக் கிடைக்கும் சமிக்ஞைப் பொருள்களையே தட்டில் ஊற்றி, பல்லணு அந்தப் பாஷைக்குச் செவிசாய்ப்பதை அவர்கள் கண்டார்கள். பால்பல், நிரந்தரப் பல் ஆகிய இரண்டின் அணுக்களும் இதில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதை 2016-இல் ஒப்பிட்டும் காட்டினார்கள். இங்கிருந்து இரண்டு மணிப் பயணத்தில், இவ்வளவு நுட்பமான வேலை நடந்திருக்கிறது என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

ஆனாலும் எலிக்கும் மனிதனுக்கும், தட்டுக்கும் உடலுக்கும் உள்ள தூரத்தை மறைப்பது பாவம். எலிக்குத் தண்டுவடம் வெட்டப்பட்ட உடனேயே அணுக்கள் வைக்கப்பட்டன. நம்மிடம் வரும் நோயாளியோ, வடு இறுகிப் பல மாதங்களோ வருஷங்களோ ஆனவன். எலியின் நடையில் பெரும்பகுதியைத் தண்டுவடமே நடத்துகிறது. மனிதன் மூளையின் ஆணைக்கு அதிகம் கட்டுப்பட்டவன். எலியின் காயம் சில மில்லிமீட்டர். மனிதனுடையது சில சென்டிமீட்டர். மனிதரிடம் கிடைத்த தெளிவான பலன் ஒன்று பல்லுக்குள்ளேயே நிகழ்ந்தது: சீனத்தின் சியான் நகரில், அடிபட்டுக் கூழ் செத்துப்போன முன்பற்களில், அதே குழந்தைகளின் பால்பல் அணுக்களை வைத்து, ரத்தக்குழாயும் உணர்ச்சியும் திரும்பியதை 2018-இல் வெளியிட்டார்கள். பக்கவாத நோயாளிகளுக்குப் பல்லணுவைச் செலுத்தும் பரிசோதனையை ஜப்பானிய மருந்து நிறுவனம் ஒன்று 2019-இல் தொடங்கியது. இவற்றைக் கொண்டு, தண்டுவடம் முறிந்தவன் நடப்பான் என்று இன்று யார் சொன்னாலும் அது பொய்.

அந்தப் பொய் விற்கப்படுகிறது என்பதால்தான் இவ்வளவு நேரம் உங்களைக் காக்க வைத்தேன். குழந்தையின் விழுந்த பல்லைப் பணம் கட்டிப் பாதுகாத்து வைத்தால், நாளை அதன் நரம்பு, இருதயம், கணையம் எது கெட்டாலும் சொந்த அணுவே காக்கும் என்று அச்சடித்த தாளை ஒரு தாயார் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். வளையலை அடகு வைக்கலாமா என்பது அவர் கேள்வி. வேண்டாம் என்றேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, வணிக முறையில் சேமித்து வைக்க அனுமதி உள்ளது தொப்புள்கொடி ரத்தம் ஒன்றுக்கே; பற்கூழுக்கு இல்லை. ரத்தம் சார்ந்த சில நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை அணு மாற்றம் போன்றவை தவிர, மற்றக் குருத்தணு சிகிச்சை எதுவும் முறையான பரிசோதனைக்கு வெளியே செய்யத்தக்கதன்று. பரிசோதனையில் சேரும் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கவும் கூடாது.

விதியைத் தவிர யுக்தியும் இதைத்தான் சொல்கிறது. பல்லணு செவிலியின் வேலையைத்தான் செய்கிறது என்றால், அந்தச் செவிலி நம் வீட்டவளாக இருக்க வேண்டிய கட்டாயம் என்ன? நகோயாவில் எலியின் காயத்தைத் தேற்றியது மனிதனின் பல். 2015-இல் அணுவே தேவைப்படவில்லை, அதன் சுரப்பு போதுமானதாயிற்று. ஜப்பானியப் பரிசோதனையில் நோயாளிக்குச் சென்றது வேறொருவரின் பல்லணு. ‘உன் பல், உன் மருந்து’ என்ற விற்பனையின் அஸ்திவாரம் இத்துடன் சரிகிறது. இதனால் துலங்குவது வேறொரு வழி. நம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இடமின்றி முளைத்த ஞானப்பற்கள் நாள்தோறும் பிடுங்கப்பட்டு, மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போய்ச் சேர்கின்றன. கொடுப்பவரின் சம்மதத்தோடு, நோய் சோதித்து, அவற்றின் அணுக்களைப் பொதுக் களஞ்சியமாகச் சேமித்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இயங்கும் குருத்தணு ஆராய்ச்சி மையம், நிம்ஹான்ஸ் போன்ற இடங்களின் கையில் கொடுத்தால், பலன் கனியும் நாளில் அது ரோஜாத் தோட்டத்துக் கூலிக்காரருக்கும் எட்டும். கனியாவிட்டாலும், எவருடைய வளையலும் அடகுக்குப் போயிராது. பொதுப்பணத்தில் செய்ய வேண்டிய காரியத்தைத் தாய்மார்களின் பயத்தின்மேல் கட்டும் வியாபாரமாக விட்டுவிட்டோம் என்பதே என் மனக்குறை.

உங்களில் யாருக்காவது இத்தகைய சிகிச்சை தருவதாக எவரேனும் சொன்னால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். 2009 முதல் பதிவு கட்டாயம். எண் இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கையில் வெட்டுப்பட்டு விரல் மரத்தால், தோலை மட்டும் தைத்து அனுப்ப விடாமல், நரம்பு அறுந்திருக்கிறதா என்று அன்றே பார்க்கச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்னும் கணக்கு காத்திருப்பதில்லை. சாலையில் விழுந்தவனைக் கையைக் காலைப் பிடித்து ஆட்டோவில் திணிக்காமல், முதுகு வளையாதபடி பலகையில் கிடத்துங்கள். தமிழ்நாட்டின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது.

ஏற்கெனவே அடிபட்டுப் படுக்கையில் இருப்பவர்களுக்கு என்ன சொல்வது? 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, குஷ்டரோகத்தால் நரம்பு செத்து மடங்கிப்போன கைகளுக்கு அறுவை செய்தார். வேலூரில் அவர் முயற்சியால் எழுந்த புனர்வாழ்வு நிலையம் 1966 முதல் நடந்து வருகிறது. அங்கே முதலில் கற்றுக்கொடுப்பது அதிசயம் எதையும் அன்று: படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீரை வேளை தவறாமல் குழாயிட்டு வெளியேற்றுவது, மடங்கத் தொடங்கும் மூட்டுகளைத் தினமும் நீட்டி விடுவது. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சாவு வராமல் இருந்தால்தான், என்றோ ஒருநாள் பல்லணு மருந்தாகி வரும்போது அதைப் பெற அவர் இருப்பார். இவ்வூர்ப் பக்கத்தில் அப்படிப் படுத்திருப்பவர்களின் வீட்டார் இங்கே இருந்தால், கூட்டம் முடிந்த பின் என்னைச் சந்தியுங்கள். கன்னடத்திலோ தெலுங்கிலோ கேட்டாலும் எனக்கு விளங்கும்.